யூனிபாரம் போட்டவர்களுக்கே டீசல்

பெட்ரோல் பங்க்கில் பைப் பிடிக்கும் பெண்ணுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. "ஏம்மா, சீக்கிரம்" என்பார்கள். "பூஜ்ஜியத்தைக் காட்டு" என்பார்கள். நான் என்னவோ அவர்கள் வீட்டுப் பாலில் தண்ணீர் ஊற்ற வந்தவள் மாதிரி மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பல வருஷமாக இதுதான் நடந்தது. ஆனால் ஒரே ஒரு மழைக்காலத்தில், ஒரு வாரத்துக்கும் குறைவாக, ஏற்காட்டில் எனக்கு விழுந்த வணக்கம் எந்த மந்திரிக்கும் விழுந்திருக்காது. மளிகைக்கடைக்காரர் வணக்கம் போட்டார். எனக்குக் கடன் தர மாட்டேன் என்று முந்தின மாதம் சொன்ன ஜவுளிக்கடைக்காரர் "சாப்டீங்களாம்மா" என்று கேட்டார். அந்த வாரத்தில் நான் கொஞ்சம் ஆட்டம்தான் போட்டேன். அதை மறைக்க இதை எழுதவில்லை.

நடந்தது இதுதான். கார்த்திகை மழை வழக்கத்தைவிட அதிகமாக அடித்து, சேலம் பாதையில் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்தது. அந்தப் பக்கம் குப்பனூர் பாதையில் பாறையும் மரமும் சேர்ந்து விழுந்தன. டேங்கர் லாரி அடிவாரத்தில் வந்து நின்றுவிட்டது. கம்பங்கள் சாய்ந்ததால் மின்சாரமும் இல்லை; பங்க் மோட்டார் ஜெனரேட்டரில் ஓடியது. மலைமேல் இருப்பது எங்கள் பங்க்கின் தொட்டியில் இருக்கும் மிச்சம் மட்டும்தான் என்று தெரிந்ததும், அதுவரை வண்டியையே வெளியே எடுக்காதவர்களுக்குக்கூட எங்கேயோ அவசரமாகப் போக வேண்டியிருந்தது.

எங்கள் மேனேஜர் பயந்த சுபாவம். யாராவது குரலை உயர்த்தினால் ஆபீஸ் அறைக்குள் போய் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் பங்கீட்டைப் பார்த்துக்கொள்ள மலையிலேயே குடியிருந்த ஓர் அதிகாரியை மேலிடத்தில் போட்டார்கள். ஒல்லியான மனிதர், பெரிய கண்ணாடி, எப்போதும் கையில் ஒரு அட்டை. நல்லவர். ஆனால் எந்த விஷயத்துக்கும் ஒரு விதி போட்டுவிட்டால் அது தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். அவர் முதல் நாள் அட்டையில் எழுதி ஒட்டியது: அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும், டீசல் வண்டிக்குப் பத்து லிட்டர், சுற்றுலா வண்டிகளுக்குக் கிடையாது, கேனில் தரப்படாது. ஆம்புலன்சுக்கென்று தொட்டியில் ஓர் அளவைக் குறித்து, அதற்குக் கீழே யாரும் தொடக்கூடாது என்றார். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவள் கிளியூர்க்காரி, நானும்தான். அவள் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு காப்பித் தோட்டங்களில் பழம் எடுக்கப் போகிறவள். கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அந்த வருஷம் அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். செம்மநத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம். முதலாளி ஊரில் இல்லை. மரத்தில் நிற்கும் பழத்தை அப்படியே குத்தகைக்கு விடுவார். எப்போதும் கீழே இருந்து வரும் வியாபாரிதான் எடுப்பார். இந்தத் தடவை பதினோரு பெண்களும் சேர்ந்து தாங்களே எடுத்துவிட்டார்கள். கூலிக்கு எடுத்த கை, முதல் முறையாகத் தன் பழத்தை எடுக்கப் போகிறது. அதற்காகப் பதினோரு பேரும் காதில் இருந்ததைக் கழற்றி அடகு வைத்து, காது தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தார்கள்.

பழம் நன்றாகச் சிவந்து நின்ற நேரத்தில்தான் மழை பிடித்தது. முழுதாகப் பழுத்த காப்பிப் பழம் ரெண்டு மூணு நாள் அடைமழை தாங்கும், அதற்கு மேல் காம்பை விட்டு உதிர்ந்துவிடும். சேற்றில் விழுந்ததை நல்ல விலைக்கு யாரும் தொட மாட்டார்கள். தோட்டமோ நடந்து போய்த் திரும்பும் தூரத்தில் இல்லை. போனாலும் மூட்டைகளைத் தலையில் சுமந்து வர முடியாது. ஒரு ஜீப் உண்டு. வார நாளில் இந்தப் பெண்களை ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர்களைப் பகோடா பாயின்ட் காட்டக் கூட்டிப் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அதற்கு மஞ்சள் போர்டு. அதிகாரியின் அட்டைப்படி அது சுற்றுலா வண்டி.

முதல் நாள் யார் அத்தியாவசியம் என்பதற்குக் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அன்று நல்ல கிராக்கி. பஜ்ஜிக் கடைக்காரர் தன் கடிதத்தில், தான் இல்லாவிட்டால் சாலைப் பணியாளர்கள் பசியில் மயங்கிவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். ஒரு ஜோசியர், மழை எப்போது நிற்கும் என்று மக்களுக்குச் சொல்ல வீடு வீடாகப் போக வேண்டியிருப்பதாக எழுதியிருந்தார். எப்போது நிற்கும் என்று அதிகாரி கேட்டதற்கு, பெட்ரோல் போட்டால் சொல்கிறேன் என்றார். குதிரை சவாரி விடுகிறவர் ஒருவரும் வரிசையில் நின்றார். அவர் குதிரை பெட்ரோல் குடிக்காது என்பது நினைவு வந்து தானே சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொரு கடிதத்தையும் அதிகாரி மழையில் நின்று முழுசாகப் படித்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிய வழியத் துடைத்துவிட்டுப் படித்தார். மதியத்துக்குள் கடிதங்கள் எல்லாம் ஊறி மை கரைந்து, யார் டாக்டர் யார் ஜோசியர் என்று தெரியாமல் போய்விட்டது. உண்மையான நர்ஸ் அம்மா ஒருவர் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு அதிகாரியைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங்க, நான் போட்டிருக்கற யூனிபாரத்தப் பாத்தாத் தெரியலீங்களா? இதுக்குமேல ஒரு காயிதம் வேணுமாக்கும்!"

அதிகாரி முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். போலீஸ், நர்ஸ், லைன்மேன், சாலை ஆட்கள், பஸ் டிரைவர் எல்லோருக்கும் யூனிபாரம் உண்டு. படிக்க வேண்டாம், பார்த்தால் போதும். உடனே அட்டையில் ஒரு வரி சேர்ந்தது: "சீருடை அணிந்து வருபவர்களுக்கு மட்டும்." அதை எழுதிவிட்டு, பெரிய கணக்கைப் போட்டு முடித்த மாதிரி மூச்சு விட்டார். பேனாவைச் சட்டைப்பையில் செருகும்போது பையில் மை ஒழுகியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பங்க் முன்னால் நின்ற வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏற்காட்டில் இத்தனை அரசாங்க ஊழியர்கள் இருந்தது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்காது. ரிட்டயரான கண்டக்டர் ஒருவர் பழைய காக்கிச் சட்டைக்குள் தன்னை எப்படியோ அடைத்துக்கொண்டு வந்திருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் பேசினார். முடிவெட்டுபவர் வெள்ளைக் கோட்டோடு வந்து, "மருத்துவம் மாதிரித்தானுங்க" என்றார். அண்ணன் தம்பி இருவர் ஒரே காக்கிச் சட்டையை வைத்துக்கொண்டு, ஒருவர் போட்டுப் பெட்ரோல் வாங்கிவிட்டுக் காற்றுப் பிடிக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கழற்றிக் கொடுக்க, அடுத்தவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது பொத்தான் இல்லாததை வைத்து நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தும் ஊற்றினேன்.

ஏன் ஊற்றினேன் என்றால், எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் காரணம். யாரைப் பார்த்துச் சிரிப்பு வந்ததோ அவர்களுக்கெல்லாம் ஊற்றினேன். என்னைச் "சீக்கிரம்" என்று அதட்டியவர்கள் எல்லாம் இன்று வேஷம் கட்டி என் முன்னால் வந்து நிற்கிறார்கள். நாடகக் கொட்டகையில் முதல் வரிசை டிக்கெட் எடுத்தது மாதிரி இருந்தது. பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் சிவப்புக் கோட்டில் தங்கச் சரிகையும் தோளில் குஞ்சமும் தொங்க வந்தார். அதிகாரி என்ன நினைத்தாரோ, கை பாதி நெற்றிக்குப் போய்விட்டது.

"நீங்க எந்த இலாகா?" என்று கேட்டார்.

"கல்யாண இலாகாங்க. ரோடு தெறந்த ஒடனே மாப்பள ஊட்டுக்காரங்க மேல வருவாங்க. நாங்க இல்லாம எப்படீங்க?"

அவருக்கும் ஒரு லிட்டர் கிடைத்தது. அதைவிட என்னை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தது ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் வாட்ச்மேன். கூர்த்தொப்பி, விசில், இடுப்பில் அகலமான பெல்ட். ஹோட்டல் வேனிலிருந்து இறங்கி, குதிகாலை டக்கென்று சேர்த்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். எனக்கு! வாழ்க்கையில் முதல் சல்யூட். பத்து லிட்டர் டீசல் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அதே வேன் மறுபடி வந்தது. இந்தத் தடவை சமையல்காரர், தலையில் முழ உயரத்துக்கு வெள்ளைக் குல்லா. பின் சீட்டில் வாட்ச்மேன் குனிந்து உட்கார்ந்திருந்தார், கூர்த்தொப்பி மட்டும் ஜன்னலில் தெரிந்தது. அதிகாரி டீ குடிக்கப் போயிருந்தார். "அவரயும் ஒரு சல்யூட்டு அடிக்கச் சொல்லுங்க" என்றேன் வாட்ச்மேனிடம். குல்லா கழன்று விழ அவரும் அடித்தார். இன்னொரு பத்து.

இதற்கு நடுவில்தான் அக்கா வந்தாள். பத்து மணி இருக்கும். மழை அப்போது விட்டிருந்தது. சாதாரணச் சேலையில், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வரிசையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"ஏ புள்ள, வானம் வெளுத்திருக்குது. சாயங்காலம் மறுக்கா கட்டும். இப்பப் போனா இருட்டறதுக்குள்ள பாதிக்கு மேல எடுத்துப்போடலாம். ஜீப்புக்குப் பத்து லிட்டரு உடு. டிரைவரு கீழ நிக்கறாரு."

கொடுத்திருக்கலாம். கண்டக்டருக்கும் குஞ்சத்துக்கும் கொடுத்த எனக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அக்காவுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. நான் தோட்ட வேலையை விட்டுப் பங்க்கில் சேர்ந்த அன்று, பத்துப் பெண்கள் முன்னால் அவள் சொன்னாள்: "மழையில நனையாம நிக்கறதுக்கு ஒரு நீலக் கோட்டு. பைப்பப் புடிச்சுட்டு நிக்கறதெல்லாம் ஒரு வேலையா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறக்கவில்லை. இன்று அந்தப் பைப்பைத் தேடி அவளே வந்து நிற்கிறாள். வரிசையில் உள்ள வேஷக்காரர்கள் எல்லாம் எங்களைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு வாய் நமைச்சல் எடுத்தது.

"அட்டையப் படிக்கலியா அக்கா? யூனிபாரம் போட்டவங்களுக்குத்தான். நீயும் ஒண்ணு போட்டுட்டு வா, ஊத்தறேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் சிரித்ததில் ஒரு பொத்தான் தெறித்தே போனது. அக்கா சிரிக்கவில்லை. என்னையும் அட்டையில் சுற்றுலா வண்டி பற்றிய வரியையும் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றயா கண்ணு?" என்று கேட்டாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். "ரூல்சு அக்கா" என்றேன், அதிகாரியின் குரலில். அவள் திரும்பிப் போனாள். சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் சொன்னபடியே வானம் கட்டி, வீட்டுத் தகரம் அதிரும்படி அடித்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. சல்யூட் கதையை என் வீட்டுக்காரரிடம் நடித்துக் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பஜார் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏலேலோ இல்லை, ஆனால் அந்த மாதிரி ஒன்று. ஜீப் ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து வந்தது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின்னால் பதினோரு பெண்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பஜார் வளைவில் டீசல் சுத்தமாகத் தீர்ந்துவிட்டதாம்.

பதினோரு பேரும் பழம் எடுக்கப் போகும் உடையில் இருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டது. தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. இடுப்பில் உரச் சாக்கை மடித்துக் கட்டிய பை. காப்பிக் காட்டுக்குள் முசுறு எறும்பு கடிக்காமலும் முள் கீறாமலும் இருக்க மலையில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் கட்டுவார்கள். ஆறு வருஷம் நானும் கட்டியதுதான். பஜாரில் அதைப் பதினோரு பேராகச் சேர்த்துப் பார்த்ததும், வரிசையில் நின்ற காக்கிகள் எல்லாம் தானாக ஒதுங்கி வழிவிட்டன.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேராக அதிகாரி முன்னால் போய் நின்றாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"யூனிபாரம் போட்டுட்டு வந்துட்டமுங்க சார்."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். "இது யூனிபாரம் இல்லைம்மா. யூனிபாரம்னா எல்லாரும் ஒரே மாதிரி போடணும்."

"நல்லாப் பாருங்க. சட்ட, துண்டு, சாக்கு. பதினோரு பேரு மேலயும் அதேதானுங்க. அங்க நிக்கறவருக்குக் குஞ்சம் தொங்குது, அது யாரு மேலயாவது இருக்குதுங்களா?"

பேண்டுக்காரர் குஞ்சத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"அரசாங்கம் கொடுத்திருக்கணும்மா" என்றார் அதிகாரி. குரல் இறங்கிவிட்டது.

"எங்களுக்கு யாரு சார் குடுப்பா? ஊட்டுக்காரரு பழைய சட்ட, அண்ணன் சட்ட, வேல செய்யற ஊட்டுல குடுத்த சட்ட. இந்த மலையில காப்பி எடுக்கறது வேல இல்லீன்னா அட்டையில எழுதிப்போடுங்க, நாங்க ஊட்டுக்குப் போயிக்கறம்."

அதிகாரி பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் கண் மூன்றாவதாக நின்ற பெண்ணின் சட்டைமேல் நிலைத்திருந்தது. வெளிர்நீலக் கட்டம் போட்ட சட்டை. சட்டைப்பைக்குக் கீழே கையகலத்துக்கு மைக்கறை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா குடுத்தாங்க சார்," என்றாள் மெதுவாக. "இந்தக் கற போகாது, இனிமே சார் போடமாட்டாருன்னு சொல்லி நேத்துத்தான் குடுத்தாங்க."

அதிகாரி வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் அவள். முதல் நாள் அட்டையில் "சீருடை" என்று எழுதியபோது அவர் போட்டிருந்த சட்டையையே அவள் போட்டுக்கொண்டு சீருடையில் நிற்கிறாள். அவர் முகம் சிவந்தது. பிறகு, அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான், அவர் அட்டையை எடுத்து யூனிபாரம் வரியையும் சுற்றுலா வண்டி வரியையும் பேனாவால் அடித்தார்.

"பத்து லிட்டர் ஊத்தும்மா," என்றார் என்னிடம்.

நான் பைப்பை எடுக்கும் முன்பே மேனேஜர் அளவுகம்பியோடு அறையிலிருந்து வெளியே வந்தார். இப்போதுதான் டீசல் தொட்டியில் விட்டுப் பார்த்தாராம். கம்பியில் ஈரம் அதிகாரி குறித்த கோட்டுக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பங்குக்கு மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை.

இதைக் கேட்டதும் அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவள் கம்பியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் வந்தாள்.

"அது வேண்டாமுங்க சார்," என்றாள். "அதத் தொடாதீங்க." அவ்வளவுதான். இடுப்புச் சாக்கின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். மற்ற பத்துப் பேரும் அவளைப் பார்த்து அவிழ்த்தார்கள். அவள் காதில் வேப்பங்குச்சி நனைந்து கறுத்திருந்தது. இத்தனை நாளாக ஊரில் யார் யாரோ தன் வேலைதான் முக்கியம் என்று என்னென்னவோ சொல்லிக் கேட்டாயிற்று. தன்னைவிட இன்னொருவர் முக்கியம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவளைத்தான் நான் முந்தின நாள் திருப்பி அனுப்பியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் சும்மா நிற்க முடியாது.

"இருக்குதுங்க சார், டீசல் இருக்குது. எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

"எங்கே?"

"கேக்காதீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது என்று ஊருக்கே தெரியும். அவர் வெகு நேரம் துடைத்தார். மேனேஜர் மட்டும் "டூட்டி நேரத்துல எங்க போற? போனா கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார். "கோட்டு வேணுமுங்க, அதுக்குத்தான் இப்ப வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பதினோரு பேரும் பின்னால் வந்தார்கள்.

ஏரிக்குப் பக்கத்து ஹோட்டலில் ஒரு விருந்தாளிகூட இல்லை. பாதை மூடியிருக்கும்போது யார் வருவார்கள்? ஆனால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தொட்டிக்குள் ஒரே ஒரு மீன். உள்ளங்கை அகலம், ஆரஞ்சு நிறம், நெற்றியில் ஒரு புடைப்பு. தண்ணீரில் குமிழி விடும் மோட்டாருக்காகத்தான், வேனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிய என் இருபது லிட்டரும் எரிகிறது. முதலாளியின் ராசி மீனாம்.

என் நீலக் கோட்டைப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்து விறைப்பாக நின்றார். பழக்கதோஷம். நானும் அதை விடவில்லை.

"உத்தரவு மாறிப்போச்சுங்க. நேத்துக் குடுத்த டீசல அத்தியாவசியப் பணியாளருக்குத் திருப்பி எடுக்கறோம்."

அவர் என் பின்னால் நின்ற சட்டைகளையும் சாக்குகளையும் பார்த்தார். "இவங்க எந்த டிபார்ட்மெண்டுங்க?"

"காப்பி டிபார்ட்மெண்டு," என்றாள் அக்கா.

"மீனு செத்துப்போச்சுன்னா மொதலாளி என்னயக் கொன்னுபோடுவாருங்க..."

மைக்கறைச் சட்டைக்காரி சமையலறைக்குள் போய் ஒரு குழம்புக் கரண்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "இதுல மொண்டு மொண்டு மேல இருந்து ஊத்திட்டே இருங்க. குமிழி வரும். மீனுக்கு மோட்டாரும் கரண்டியும் ஒண்ணுதானுங்க." அந்த மனிதர் ரோடு சரியாகும் வரை, சமையல்காரரோடு முறை வைத்து, கரண்டியும் கையுமாக நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மீன் பிழைத்தது. இதை எழுதும்போதும் அது இருக்கிறது.

ஜெனரேட்டர் தொட்டியில் குழாயைப் போட்டு வாயால் இழுத்தது நான்தான். இழுத்த முதல் இழுப்பிலேயே ஒரு வாய் டீசல் உள்ளே போய்விட்டது. அதன் நாற்றம் மூன்று நாள் என் ஏப்பத்தில் இருந்தது. ஒரு குடிதண்ணீர் கேன் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக நிறைந்தது. தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் ஊற்றினோம். டிரைவர் சாவியைத் திருகினார். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி உறுமியது. வரிசையில் நின்ற காக்கிகள் கை தட்டின. அக்கா ஏறும்போது, என்னைப் பார்க்காமலே, "பன்னண்டு பேருக்கு எடம் இருக்குது" என்றாள். நான் ஏறிக்கொண்டேன்.

செம்மநத்தம் தாண்டும் வரை எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். கரண்டியோடு நின்ற வாட்ச்மேனை ஒருத்தி நடித்துக் காட்டினாள். நானும் சத்தமாகச் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது, நான்தான் சரி செய்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தோட்டத்துக் கேட்டில் வண்டி நின்றதும் பேச்சும் நின்றது.

செடிகளுக்கு அடியில் தரை சிவப்பாக இருந்தது. மேல் கிளைகளில் இன்னும் பழம் இருந்தது, உள்பக்கம் இலை மறைவில் இருந்தது. ஆனால் வெளிக் கிளைகளில், கை எட்டும் உயரத்தில், முதலில் பழுத்து முழுதாகச் சிவந்த நல்ல பழமெல்லாம் கீழே கிடந்தது. சேற்றில் பாதி புதைந்து, சில்வர் ஓக் இலைகளுக்கு நடுவே, வரிசை வரிசையாக. யாரும் அழவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு வரிசையில் இறங்கினார்கள். எனக்கு யாரோ ஒரு சாக்கைக் கொடுத்தார்கள். நீலக் கோட்டின் மேல் கட்டிக்கொண்டேன். விரல்கள் மறந்திருக்கவில்லை.

மதியம் போல நானும் அக்காவும் ஒரே செடிக்கு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தோம். அவள் மேலே எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. இது மழை தொடங்கிய முதல் நாளே உதிர்ந்ததாக இருக்கலாம். அதற்கு அடுத்த நாளாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் நான் முந்தின நாள் பத்து லிட்டர் கொடுத்திருந்தாலும் இவ்வளவும் போயிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, இதெல்லாம் எப்ப உழுந்திருக்கும்?"

அவள் குனிந்து சேற்றிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தாள். விரல்களுக்கிடையில் வைத்து அமுக்கினாள். தோல் விட்டுக்கொடுக்காமல் இறுகி நின்று, பிறகு பட்டென்று பிளந்து, கொட்டை வழுக்கி வெளியே வந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் அமுக்கிப் பார்த்தாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். எனக்காகச் சொல்லுவாள் என்றுகூட நினைத்தேன்.

"தோலு இன்னும் கெட்டியா இருக்குது. புளிப்பு வாசம் வரல," என்றாள். குரலில் கோபமே இல்லை. "நேத்துச் சாயங்கால மழையில உழுந்தது. நீ சிரிச்சப்ப மரத்துலதான் இருந்துச்சு, கண்ணு."

பிளந்த பழத்தைத் தன் சாக்கில் போட்டுக்கொண்டு அவள் அடுத்த செடிக்குப் போனாள். நான் அந்தச் செடியின் அடியில் மண்டியிட்டு, கீழே கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன்.